ஐந்து மதிப்பெண் வினா

அரையாண்டு விடைத்தாள். பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
துணைப்பாடக் கதை குறித்து உம் கருத்தை எழுதுக.

முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே கருத்து:
மனிதநேயத்தை போற்றும் கதை.
நோட்ஸ் அடித்தவர் விழுங்கிய 'ப்'
ஒரு தாளிலும் இல்லை.
ஃபைசான் மட்டும்
"நெஞ்சை உறுக்குகிறது" என்கிறான்.
இருக்கலாம். அரை மதிப்பெண் குறைக்கவில்லை.

அடுத்தது வ. தமயந்தி, துத்திப்பட்டிலிருந்து வருகிறவள்.

"ஐயா, மழை இரண்டு பக்கம் அதிகம்.
அந்த அப்பா சாகத் தேவையில்லை.
எங்களுக்கு ஐந்து மதிப்பெண் வரட்டும் என்று
சாகடித்துவிட்டார்கள்.
ஷூ கம்பெனி பஸ் இறங்கி வந்து
கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப்
படித்துக் காட்டினேன்.
'அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு
அப்புறம் யாரு சோறு போட்டா?' என்றாள்.
புத்தகத்தில் இல்லை.
பார்த்துச் சொல்லவும்."

விடைக்குறிப்பைப் பார்த்தேன்.
முன்னுரைக்கு ஒன்று, கதைச்சுருக்கத்துக்கு மூன்று,
முடிவுரைக்கு ஒன்று.
திருப்பிக் கேட்டால் எத்தனை என்று
வேலூரில் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

பெங்களூர் போகிற ரயில் ஆம்பூரைத் தாண்டும்வரை
ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.
சிவப்புப் பேனாவும்
என் கையில் சும்மாதான் இருந்தது.

ஐந்து வருடமாக நடத்துகிற கதை.
இரண்டு பிள்ளைகளா?
எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தேன்.
மூன்று.
கடைசிப் பெண் தூளியில்,
ஒரே ஒரு வரியில்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு
தெருமுனை திரும்புகிறார்கள்.
அதோடு கதை முடிகிறது.
ஒரு விரல் இடைவெளி விட்டு,
தடித்த எழுத்தில்:

பொருத்துக.