ரோமம் உள்பக்கம்

முயலின் அழுகையைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான் கடைக்காரன்.
பதினான்கு டாலர். சுண்டுவிரல் நீளக் குழல்.
வீட்டில் ஒருமுறை ஊதினேன்.
சோபாவுக்கு அடியில் புகுந்த பூனை
மூன்று நாள் என்னை மன்னிக்கவில்லை.

நரி என்றால் சிறிதாகிவிடும்,
ஓநாய் என்றால் பெரிதாகிவிடும்.
முதுகு உரசாமல் கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து போகும் அதற்குக்
கயோட்டி என்றே பெயர் இருக்கட்டும்.

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் ஜனவரி,
மூச்சு மூக்கிலேயே உறைந்துபோகும் மாதம்.
தோல் தேறுவதும் அப்போதுதான்.
அடிரோமம் பஞ்சாக அடர்ந்திருக்கும்.
பிப்ரவரி பாதியில் இடுப்பு தேய்ந்து சொட்டையாகிவிடும்,
வாங்குபவன் உதட்டைப் பிதுக்குவான்.
எனக்கு விற்கும் எண்ணமில்லை. ஒரு தொப்பி வேண்டும்.
வெர்லின் ஷ்டோல்ட்ஸுக்குக் கன்றுகள் பிழைக்க வேண்டும்,
அதனால் அவர் நிலத்தில் உட்கார எனக்கு அனுமதி.

ஒன்பது விடியல்கள். ஒன்றும் வரவில்லை.
வரவில்லை என்று நினைத்திருந்தேன்.
ஒன்பதாவது நாள் எழுந்து திரும்பினால்
முதுகுக்குப் பின்னால், காற்று என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திசையில்,
பனிமேல் தடங்கள். நூல் பிடித்த மாதிரி ஒற்றை வரி,
அவசரமே இல்லாமல்.
என் சோப்பு, என் காபி,
ராத்திரி வதக்கிய வெங்காயம்,
எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போயிருக்கிறது.

பத்தாவது நாள் காற்றை இடது கன்னத்தில் வாங்கிக்கொண்டு அமர்ந்தேன்.
முதலில் மெல்ல ஊத வேண்டும்,
அருகில் படுத்திருந்தால் மிரண்டுவிடும்.
பிறகு உரக்க.
பிறகு சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருப்பதற்குத்தான் பழக்கம் போதவில்லை.

ஆறாம் நிமிடம், மேட்டு விளிம்பில் ஒன்று.
அதன் பின்னால், புல்லுக்கு மேலே,
இன்னொன்றின் காதுகள் மட்டும்.
முன்னது ஓடி வந்தது. நான் நாய்போல ஒருமுறை குரைத்தேன்.
நின்று பார்த்தது.
நிற்க வைக்கத்தான் குரைத்தேன்.

சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும்.
பின்னங்கால் குதியிலிருந்து குதிவரை ஒரு கீறல்,
வாலெலும்பை உருவி எடுத்துவிட்டால்
மிச்சமெல்லாம் ஈரக் கம்பளிச்சட்டையைத்
தலைவழியே கழற்றுவதுதான்.
உண்ணிகள் என் மணிக்கட்டுக்குக் குடிமாறின.
காதுகளில் கத்தி மெதுவாகப் போக வேண்டும்.
இடது காதில் கத்தி எதிலோ இடித்தது.

மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை. எழுபத்தொன்று.
கீழே ஒரு தொலைபேசி எண்.

லாராமியிலிருந்து ஆன்சன் என்று ஒருவன் எடுத்தான்,
வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு.
எங்கே, எப்போது, எத்தனை பவுண்டு?
சொன்னேன். அது, அது என்றே சொல்லி வந்தேன்.
அவள், என்றான் அவன்.
மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தான்.
மூன்று வருடத்துக்கு முன் குட்டியாக வில்லை குத்தினார்களாம்.
இரண்டு நெடுஞ்சாலை, ஓர் ஆறு,
எத்தனையோ பேருடைய மாடுகள், இத்தனையும் தாண்டி வந்திருக்கிறாள்.
கோபமில்லை அவனுக்கு. குறித்துக்கொண்டான்.
கடைசியாக ஒன்று கேட்டான்:
கூட யாராவது இருந்தார்களா?

பார்க்கவில்லை என்றேன்.
ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.
சொன்னால் வெர்லின் அங்கே போய் உட்காருவார் என்றா,
நானே போவேன் என்றா.

கொழுப்பைச் சுரண்டினேன். ரத்தத்தைக் குளிர்ந்த நீரில் அலசினேன்.
காதுக்கும் வாலுக்கும் போராக்ஸ் தூவி
ரோமம் உள்பக்கமாகப் பலகையில் மாட்டினேன்.
இப்படியே விட்டுவிடக் கூடாது.
தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும்
உள்ளதை வெளியே திருப்ப வேண்டும்.
பிந்தினால் விறைத்துவிடும், திரும்பாது.

ராத்திரி இரண்டரைக்குக் கராஜுக்குப் போனேன்.
மேட்டுப் பக்கமிருந்து ஒரே ஒரு குரல்.
பதிலுக்கு நேரம் விட்டு, மறுபடி.
குழல் கோட்டுப்பையில்தான் இருந்தது.
கையை மூக்குப்பக்கம் உள்ளே விட்டு
கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன்.
முதலில் தோள் வந்தது,
பிறகு அந்த மங்கிய சாம்பலும் துருவும் கலந்த முதுகு,
கடைசியாக, ஓட்டையுடன் இடது காது.