இரண்டு பக்கமும் ஜெராக்ஸ்

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்.
எல்லாரும் கேட்பது இதைத்தான்.
பாமணி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பதினான்கு வருடமாக
பாஸ்போர்ட்டுகளின் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறேன்.
மன்னார்குடியை விட்டு நான் போன அதிக தூரம்
திருச்சி ஏர்போர்ட் வாசல்,
அதுவும் கண்ணாடிக்கு வெளியே.

ஆனாலும் சொல்வேன்.
திரும்பி வந்தவர்கள் சொன்னதைத்தான் சொல்வேன்.

புத்தகத்துக்கு ஆறு மாதம் உயிர் இருக்கிறதா பார்.
சவளக்காரன் வைரக்கண்ணுவுடையதில் ஐந்தரைதான் இருந்தது.
காலையில் மாலை போட்டு அனுப்பினார்கள்,
மாலையில் வந்துவிட்டார்.

கசகசா வேண்டாம்.
குருமாவுக்கென்று யாராவது ஒரு பிடி முடிந்து வைப்பார்கள்,
துபாயில் அது குருமா இல்லை, வழக்கு.
இருமல் மருந்துக்குக்கூட டாக்டர் சீட்டு வேண்டும்.
'இதை என் மச்சான்கிட்ட சேத்துடு' என்று
பிரித்துக் காட்டாத பொட்டலத்தை யார் நீட்டினாலும்
கை ஈரமாக இருக்கிறது என்று சொல்.

கவுன்ட்டரில் கதை பேசாதே.
எத்தனை நாள், எங்கே தங்கல், கையில் எவ்வளவு.
கேட்டதற்கு மட்டும் பதில்.

அப்புறம் இந்த இனிஷியல்.
இங்கே உன் பெயருக்கு முன்னால்
ஒற்றை எழுத்தாக ஒதுங்கி நிற்கிற அப்பா
அங்கே முழுசாக எழுந்து நிற்பார்.
'ராஜமாணிக்கம்' என்று கூப்பிட்டால் நீதான், போ.
அவர் செத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தாலும் போ.

'பத்திரமா வச்சிருக்கேன்' என்று
முதலாளி புத்தகத்தைக் கேட்பார்.
அதனால்தான் மூன்று நகல்:
ஒன்று பெட்டியில், ஒன்று உடம்போடு,
ஒன்று வீட்டில், கரண்ட் பில் சொருகும் கம்பியில்.

ஆற்றில் தண்ணீர் வந்த வாரம்,
நுரையும் ஆகாயத்தாமரையும் முன்னால் ஓட,
பாலத்தில் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது
வேதரத்தினம் வந்தான்.
டிப்ளமோ. புதுச் சட்டை, மடிப்பு இன்னும் கலையவில்லை.
பாங்காக்குக்கு டூரிஸ்ட் விசா.
வேலை பாங்காக்கில் இல்லையாம்,
அங்கிருந்து வண்டி வந்து கூட்டிப்போகுமாம்.
கம்ப்யூட்டரில் டைப் அடிக்க எண்பதாயிரம்.

'கம்பெனிக்கு அட்ரஸ்?'
'நம்பர் இருக்குக்கா.'
'ரிட்டன் டிக்கெட்?'
'டம்மி போதும்னாரு. நீங்க போட்டுத் தருவீங்கன்னு சொன்னாங்க.'

சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.
முப்பது ரூபாய்க்கு
எத்தனை பொய் விமானங்களை
இந்தப் பிரின்டரிலிருந்து பறக்கவிட்டிருக்கிறேன்.
அன்றைக்கு, இங்க் இல்லை என்றேன்.
போகாதே என்று சொல்லவில்லை.
இங்க் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன்.

பேசாமல் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தான்.
இரண்டு பக்கமும், மூன்று நகல்.
நாலாவதாக ஒன்று எடுத்தேன், காசு வாங்கவில்லை.
அதை மேஜை டிராயரில் போட்டபோது அவன் பார்க்கவில்லை;
எதிர்க்கடையில் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அங்கே இங்க் இருந்தது.

தை மாதம்.
அறுப்பு மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது,
அந்தச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை.
மூன்றாவது தடவை எடுத்தேன்.
தெரியாத நாட்டு நம்பர். மூச்சுச் சத்தம்.

'அக்கா, நான் சுந்தரேசன் பேசுறேன்.'
'எந்த சுந்தரேசன்?'

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, தனக்கே ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல்,
'வேதரத்தினம்க்கா. சுந்தரேசன் அப்பா பேரு.
இங்க எல்லாம் அப்பிடித்தான் கூப்பிடுறாங்க.
புக்கைப் புடுங்கிட்டாங்க. எம்பசில காப்பி கேக்குறாங்க.
கம்பியில இருந்தது
மழையில ஊறிப்போச்சாம்க்கா.'

டிராயர் பாதி திறந்து சிக்கிக்கொண்டது.
காலால் உதைத்தேன்.
'லைனிலேயே இரு' என்றேன்.
'இரண்டு பக்கமும் இருக்கு.'