நேரம் என்னும் கட்டம்

கலாபாரா அரசு மருத்துவமனை.
அவசரப் பிரிவின் பதிவேடு என் கையெழுத்தில் இருக்கிறது:
பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், கொண்டுவந்த நேரம்.
மூழ்கியவர்களுக்கென்று தனி மை இல்லை.
பாம்பு கடித்தவனுக்கும்
மீன் அரிகையில் விரலை அரிந்துகொண்டவளுக்கும்
எழுதும் அதே நீலம்தான்.

ஸ்ராபன் மாதம், செவ்வாய்க்கிழமை.
வேன் ரிக்‌ஷாவிலிருந்து குதித்து ஓடிவந்தான் ஒருவன்.
கையில், கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாய்,
இரண்டரை வயது, அண்ணன் மகன்.
இடுப்புக் கயிற்றில் தாயத்து
ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு முற்றத்தில் தலைக்கு மேல் வைத்துச் சுழற்றியிருக்கிறார்கள்
உள்ளே போன தண்ணீர் வெளியே வரட்டும் என்று.
உப்பு தேய்த்திருக்கிறார்கள், அடுப்புச் சாம்பல் பூசியிருக்கிறார்கள்.
அத்தனையும் அன்புதான்.
அன்பு இருபது நிமிடத்தைத் தின்றுவிட்டது.

டாக்டர் மஹ்ஜபீன் செருப்போடு கட்டிலில் ஏறினாள்.
தலையைச் சற்றே நிமிர்த்தி
முதலில் ஐந்து மூச்சு.
பிறகு நெஞ்சில் பதினைந்து அழுத்தம், இரண்டு மூச்சு.
பதினைந்து, இரண்டு.
மூச்சுப் பையை நான் அமுக்கினேன்.
சின்ன நெஞ்சு ஏறியது, இறங்கியது.
அது என் காற்று என்று தெரிந்தும்
ஒவ்வொரு முறையும் நம்பினேன்.

"வயிற்றை அமுக்குங்கள் டாக்டர், தண்ணீர்!" என்றான் சித்தப்பன்.
"தண்ணீர் போக வேண்டாம்," என்றாள் அவள், எண்ணுவதை விடாமல்,
"காற்று வர வேண்டும். ஏழு, எட்டு,
குளக்கரையிலேயே வந்திருக்க வேண்டும், ஒன்பது."

நாற்பது நிமிடம் கழித்து இறங்கினாள்.
ஒரு செருப்பைக் காணோம்.
தேடவில்லை, அப்படியே நடந்து போனாள்.

தாய் ஹாஸ்னா என்னிடம் வந்து சொன்னாள், என்னிடம்,
பேனா வைத்திருப்பவனிடம்:
"உலை கொதித்துக்கொண்டிருந்தது.
கத்தினால் கேட்கும் தூரம்தான்.
அவன் கத்தவே இல்லையே."

யாரும் கத்துவதில்லை.
வாய் தண்ணீருக்கு மேலே வரும் அரை நொடியில்
மூச்சுக்கே நேரம் போதாது, குரலுக்கு எங்கே போக?
இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
தகப்பன் பெயர் கேட்டேன்.
கடலுக்குப் போயிருக்கிறான் என்றாள்.

அன்றிரவு பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
10.50. 11.40. 9.35. 12.05. 11.15.
ராத்திரியில் ஒருவன் இல்லை.
வெள்ளத்தில் ஒருத்தி இல்லை.
ஆண்கள் வலையிலும் வயலிலும்,
அக்காள்கள் பள்ளிக்கூடத்தில்,
அம்மாக்கள் அடுப்படியில்,
சோறு வேகும் நேரத்தில்தான் எல்லோரும்.

புயலுக்குத் துறைமுகத்தில் கொடி ஏற்றுவார்கள்.
ஏழாம் எண் என்றால் படகைக் கட்டுவோம்,
பத்தாம் எண் என்றால் பசுவையும் அவிழ்த்துக்கொண்டு ஓடுவோம்.
வீட்டுக்குப் பின்னால்
வாத்து நீந்தும் தண்ணீருக்கு
எந்த எண்?

என் வாசலிலிருந்து குளம் பத்தொன்பது எட்டு.
இத்தனை வருடத்தில் அன்றுதான் எண்ணினேன்.
மகளின் எட்டில் ஐம்பது இருக்கலாம்.
நடக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை மூங்கில் வாங்கி வந்தேன்.
வாசற்படிக்குக் குறுக்கே, என் இடுப்பு உயரம்,
பிஞ்சுக் கால் நுழைந்து ஏற முடியாத நெருக்கத்தில்.
கொக்கி வெளிப்பக்கம்.
"கோழி வளர்க்கப் போகிறோமா?" என்று சிரித்தாள் மனைவி.
பதிவேட்டின் நேரங்களைச் சொன்னேன், வெறும் எண்களை.
கொக்கியை அவளே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

அடுத்த தெருவில் மொமேனா
தன் தகரக் கொட்டகையைப் பெருக்கி வைத்திருக்கிறாள்.
ஒன்பதிலிருந்து ஒன்று வரை
பதினோரு பிள்ளைகள், இரண்டு பாய், ஒரு உடைந்த லாரி பொம்மை.
ஆளுக்கு ஒரு பிடி அரிசி கூலி.
இடம் இல்லை என்கிறாள்.
மகளுக்கும் சேர்த்துப் பாய் வாங்கித் தருவதாகப் பேச்சு.

இன்று எனக்கு மதிய முறை.
காலை பத்தே முக்கால். உலை கொதிக்கிறது.
மகள் மூங்கிலைப் பிடித்து உலுக்குகிறாள்,
வாத்துகள் அந்தப் பக்கம் போவதைப் பார்த்து
முகம் சிவக்க, ஊரே திரும்ப அழுகிறாள்.

அழட்டும்.
கேட்கிறது.