டிரான்மர், இருபத்தேழாம் பாகம்

கிரிம்ஸ்பியில், மீன் வறுக்கும் கடைக்கு மேல்மாடியில்
மாதத்தின் இரண்டாம் செவ்வாய் கூடுவோம், நால்வர்.
முப்பத்தொன்பது பாகங்களையும் கரைத்துக் குடித்தவர்கள்.
இன்ஸ்பெக்டர் டிரான்மர்
இடக்கையால் தீக்குச்சி கிழித்தது ஒருமுறையா இருமுறையா என்று
ஆறு மாதம் முகம் பாராமல் இருந்தவர்கள்.

அன்று படியேறி வந்தார் மேவிஸ்.
நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசிவரை கையிலேயே வைத்திருந்தார்.

'ஒரு ஆள்.
டெலிபோனை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறான்.
உள்ளே மணி அடிக்கிறது.
அவ்வளவுதான் ஞாபகம்.
அப்போது எனக்கு ஆறு வயது.'

அவ்வளவு போதும் எங்களுக்கு.
பசித்த காகங்களுக்கு ஒரு பருக்கை.

'கசாப்புக் கடைக்காரன் கதை, பன்னிரண்டு' என்றேன் நான்.
ஹெட்லி உச்சுக் கொட்டினார்.
அதில் இருப்பது ஐஸ் பெட்டியாம், மரக் கதவாம்.
'ஜன்னலில் பனி பெய்ததா?' குல்விந்தர்.
பெய்த மாதிரி இருந்தது என்றார் மேவிஸ்.
'காகிதப் பனியா, உப்பா?'
பாவம், அவர் என்ன சொல்வார்.
'டிரான்மரின் கோட்டு கட்டம் போட்டதா?'
இது பெரனிஸ். பல் மருத்துவமனை வரவேற்பில் இருப்பவள்,
ஆளை முகத்தால் அல்ல, சட்டையால் அறிபவள்.
கட்டம்தான்.
அப்படியானால் பழைய கோட்டை ரயிலில் விட்டுவிட்டு இறங்கிய பிறகு.
அப்படியானால் இரண்டாம் வருடம், பிற்பாதி.
உப்புப் பனி என்றால் இருபத்தைந்துக்கு மேல்.

ஹெட்லி எழுந்து நின்றார்,
பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்தில் நின்ற மாதிரி,
கால்களை அகட்டி.
'இருபத்தேழு. கடைசி டிராம்.'

குல்விந்தர் வட்டைச் செருகினான்.
வழக்கம்போல் ஹெட்லி
ஒவ்வொரு வசனத்தையும் அரை நொடி முந்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.
பதினாலாம் நிமிடம்
அந்த ஆள் வந்தான். ஈரக் கோட்டு. குதிரைப் பந்தயக் கடன்காரன்.
டெலிபோனைத் தூக்கினான்.
கத்தரிக்கோலால் வயரை நறுக்கினான்.
பால் புட்டிகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினான்.

சத்தமே இல்லை.

'அடித்தது' என்றார் மேவிஸ்.
திரும்பப் போட்டோம்.
நறுக்கினான், வைத்தான், சாத்தினான்.
'வயரை வெட்டிய பிறகு எப்படிம்மா அடிக்கும்?'
நாங்கள் நால்வரும் ஒரே குரலில்.
ஜெயித்துவிட்ட குரல், இப்போது நினைத்தால் கூசுகிறது.

'அடித்தது.
ஃபிரிட்ஜுக்குள் அடிக்கிறதே என்று
நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.
அம்மாவும் சிரித்தாள்.
ரொம்ப நேரம் அடித்துக்கொண்டே இருந்தது.
பிறகு அம்மா எழுந்து கூடத்துக்குப் போனாள்.'

குடையிலிருந்து தரையில் சொட்டியது.

'தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் டெலிபோன்.
அப்பா மீன்பிடிக் கப்பலின் தலைவர்.
ஐஸ்லாந்துப் பக்கம் போயிருந்தார்கள்,
பதினெட்டுப் பேர்.'

கீழே எண்ணெயில் மீன் விழும் ஓசை.
யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.
பெரனிஸ் தன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஹெட்லியின் நோட்டில் ஒரு பத்தி உண்டு:
'பிழைகள்'.
மைக்கின் நிழல், நின்றுபோன கடிகாரம்,
செத்தவன் கண் சிமிட்டியது.
அதில் எழுதப் போகிறார் என்றே நினைத்தேன்.
அவர் வேறு பக்கம் திருப்பினார்.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்:
'27. பதினாலாம் நிமிடம். மணி அடித்தது.
எங்கள் பிரதியில் இல்லை.'

அப்புறம்தான் மேவிஸ் கேட்டார்,
பக்கத்து வீட்டில் கத்தரிக்கோல் கடன் கேட்கிற தொனியில்:

'மிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.
அந்த ஆள் என்ன ஆனான்?'

எனக்குத் தெரியும். நால்வருக்கும் தெரியும்.
டிராம் நிலையத்தில் என்ன நடக்கும், யார் வருவார்,
கடைசி வரி என்ன என்பதுவரை.
குல்விந்தர் ஒன்றும் சொல்லாமல் பட்டனை அழுத்தினான்.
யாரோ விளக்கை அணைத்தார்கள்.

முப்பத்தாறு நிமிடம்
ஹெட்லியின் உதடு அசையவில்லை.