நட்சத்திரக் குறி

முசஃபா. கடை சாத்தும் நேரம்.
கேபிளுக்குப் பள்ளம் வெட்டும் மிக்கேல்ராசு
ரீசார்ஜ் அட்டையை நீட்டுகிறான்:
"அளவில்லாததுன்னு போட்டிருக்கு,
பாதியில நின்னுபோச்சேண்ணே?"

திருப்பினேன்.
கடுகளவு நட்சத்திரம்.
அதன் வால் பிடித்துப் போனால்
'நிபந்தனைகளை இணையத்தில் காண்க.'
காண்பதற்குப் பத்து திர்ஹம் போடவேண்டும்.

படம் ஓடும், பந்தாட்டம் ஓடும்,
அதெல்லாம் இலவசம்.
பிறந்து மூன்று நாளான முகத்துக்கு மட்டும்
தனிப் பேக்கு, ஐம்பது.

"எல்லாம் ஒரே கம்பிலதான் வருது,
நான் புதைச்சதுதானே."

என் கமிஷன் எத்தனை சதம் என்று
அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

போனை வாங்கிக் கடை வைஃபையில் போட்டேன்.
வட்டம் சுற்றியது,
சுற்றியது,
கொட்டாவி விடும் சின்ன வாய் மட்டும் வந்து
உறைந்தது.

"போதும்ணே," என்றான்.
"என் வாய்தான்."