தொலைந்த சாவி

காஸ்த்ரோவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
ஏழுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடும் நாடு;
நாலுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு மை.
அனாயிஸ் கார்காமோ:
வேதியியல் இரண்டு புள்ளி எட்டு,
கணிதம் மூன்று.
தட்டச்சு செய்வது என் வேலை.
கருத்துச் சொல்வது இல்லை.

நாலு மணிக்கு மேல் கிடங்கறையில்
காலிப் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு
அவள் தட்டத் தொடங்குவாள்.
என் மேசையில் தேநீர் நடுங்கும்.
தகரக் கூரையில் மழை ஒரு கணக்குப் போடும்,
மூன்றுக்கு எதிரே நான்கை வைப்பாள்,
நான்குக்கு எதிரே ஐந்தை,
எல்லாம் ஒரே அடியில் வந்து சேரும்.
பின்னம் வராத பெண்ணாம்.

படிவத்தில் ஒரு கட்டம் தேடினேன்.
நடத்தைக்கு இருக்கிறது.
தாமதத்துக்குக்கூட இருக்கிறது.

கிடங்கறைச் சாவி எங்கே என்றார்
புதிதாக வந்த முதல்வர்.
தொலைந்துவிட்டது ஐயா,
கிடைக்கும்வரை கதவு சும்மா சாத்தியிருக்கட்டும்.
மழைக்கோட்டுப் பையில் அது
தொடையை இடித்துக்கொண்டிருந்தது.

இன்று நீல வாளி கீறல் விட்டிருக்க வேண்டும்,
சத்தம் பிசிறடிக்கிறது.
மீன் ஆலையில் இருக்கும் மைத்துனனிடம்
சொல்லி வைத்திருக்கிறேன்:
பீப்பாய், பெரியது, இரண்டு.
நாற்றம் அடித்தாலும் பரவாயில்லை.