நீலப் பொட்டு

திங்களும் செவ்வாயும் ரேட்டோவின் பின்னால்
பெயின்ட் டப்பாக்களோடு ஏறுகிறேன்.
மற்ற மூன்று நாள் கீழே மரவாடியில்
நான் பொட்டு வைத்ததையே அறுக்கிறேன்.
சிவப்பு, விழுவதற்கு. நீலம், இருப்பதற்கு.
இவ்வளவுதான் இவனுடைய ஜெர்மன் என்று
முதல் வருடம் கேலி செய்தார்கள்.

எம்மென்டால் சரிவில் மரங்கள் ஒரே வயதில்லை.
கிழமும் குமரும் கைக்குழந்தையும் கலந்த
கலியாண வீட்டுப் பந்தி;
ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை.

போன மாதம் ஊர்க்கூட்டம்.
மேல்காட்டை ஐம்பது வருடம் தொடாமல் விடுவதா?
பால்விலை சரிந்த கெர்பர்,
கூரை மாற்றவேண்டிய ஆன்னேலீஸ்,
எல்லோரும் கை தூக்கினார்கள்,
சிலர் இரண்டு தடவை.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
மேலே பறவைக்கு, கீழே நமக்கு என்று
வரைபடத்தில் ஒரு கோடு.

கருப்பு மரங்கொத்திக்கு யாரும் சொல்லவில்லை.
கோட்டுக்கு இப்பால்,
ஆன்னேலீஸ் பங்கில் நின்ற பீச் மரத்தில்,
என் சிவப்புப் பொட்டுக்கு நேர் மேலே
புதிதாய் ஒரு வாசல்.
அடியில் ஈரம் காயாத சிராய்.

ரேட்டோ பேசாமல் கத்தியை நீட்டினான்.
அந்த மரம் அவள் கூரையில் ஒரு மூலை,
எனக்கு மரவாடியில் அரை நாள்.
சுரண்டினேன்.
அவ்வளவு வழவழப்பான பட்டையிலும்
சிவப்பு முழுதாய்ப் போகவில்லை.
மேலேயே நீலம் அடித்தேன்;
ஊதாவாய் நின்றது.

ஊதாவுக்கு விதி ஏதும் இல்லை என்றான்.
கீழே அவள் வீட்டுப் புகைபோக்கி
அப்போதுதான் விழித்திருந்தது.
யார் போய்ச் சொல்வது என்று
டப்பாவைக் குலுக்கியபடி
கொஞ்ச நேரம் நின்றோம்.